எட்டாம் பாகத்துக்கு ஜாதகம்

சிரிக்காதீங்க சார். எல்லாரும் வாசல்ல அந்த போர்டைப் படிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள வர்றாங்க. 'திருமணப் பொருத்தம், தொழில், வாஸ்து பார்க்கப்படும். வீடியோ கேம் பார்க்கப்படாது.' அந்தக் கடைசி வரி புதுசா சேர்த்தது. நெசமாத்தான் எழுதணுமான்னு பெயிண்டர் திரும்பத் திரும்பக் கேட்டான். எழுதுய்யான்னேன்.

உக்காருங்க. அந்தப் பக்கம் ஃபேன் காத்து வராது, இப்படித் தள்ளி உக்காருங்க. பொண்ணு ஜாதகத்தை மேசை மேல வைங்க. இப்ப ராகு காலம், தொட மாட்டேன். போகட்டும், அதுவரைக்கும் இதைச் சொல்றேன். நீங்க கேக்கலைதான். கேக்காட்டியும் சொல்லியாகணும், ஏன்னா வெளியில போயி யார்கிட்டயாவது கேட்டீங்கன்னா, மன்னார்குடி பஞ்சநதமா, பெத்த புள்ளை வேலையைக் கெடுத்த ஜோசியராச்சே அவர்னு சொல்வாங்க. உண்மை என்னன்னு என் வாயால கேட்டுட்டுப் போங்க.

மாடியில ரெக்ஸ் அந்தோணின்னு ஒருத்தர் குடியிருக்கார். பகல்ல செல்போன் கடை, சாயங்காலம் யூடியூப் சேனல். கேம் விளையாடுறவங்களுக்கான சேனல். விளையாடுறதுகூட இல்ல சார், இன்னும் வராத கேமைப் பத்திப் பேசுறது. எப்ப வரும், எந்த ஊர்ல நடக்கும், யார் சாவாங்க. கம்பெனிக்காரன் ஒரு படத்தை வெளியிடுவான். மூலையில ஒரு காக்கா இருக்கும். காக்கா இருக்கு, அதனால மூணாம் பாகத்துல செத்த ராஜா திரும்பி வரப்போறான்னு ஒரு மணி நேரம் பேசுவார். அதை ஊர் உலகமே உக்காந்து கேக்கும். ஒருநாள் மாடிப்படியில நின்னு நானும் கேட்டுட்டு, "ரெக்ஸ், இதுக்கு நாங்க சகுனம்னு பேர் வெச்சிருக்கோம்யா"ன்னேன்.

மறுநாள் வந்து நின்னார். "சார், நம்ம சேனல்ல ஒரு தடவை வந்து பலன் சொல்றீங்களா?"

"உமக்கு ஜோசியத்துல நம்பிக்கை உண்டா?"

"இல்ல சார். ஆனா வ்யூஸ் வரும்."

நேர்மையான ஆள், சரின்னுட்டேன்.

கேம் பேரு சால்ட் கிங்டம். வெளிநாட்டுச் சரக்கு. ஏழு பாகம் வந்துடுச்சு. ரெக்ஸ் டவுசர் போட்ட காலத்துல முதல் பாகம், இப்ப அவருக்கு முன்மண்டை வழுக்கை. எட்டாம் பாகம் வருதுன்னு மட்டும் கம்பெனி சொல்லிட்டு வாயை மூடிக்கிச்சு. வருஷக்கணக்கா எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. பொண்ணைப் பெத்தவன்கூட மாப்பிள்ளை வீட்டுப் பதிலுக்கு இப்படிக் காத்திருக்க மாட்டான்.

ஜாதகம் கணிக்கணும்னா ஜனன நேரம் வேணும். முதல் பாகம் எப்ப வெளிவந்ததுன்னு கேட்டேன். ராத்திரி பன்னண்டு மணிக்குன்னார். எந்த ஊர்னேன். ஏதோ பனி தேசம். அங்க கார்த்திகை மார்கழியில சூரியனே உதிக்காதாமே சார்! உதயமே இல்லாத ஊர்ல பொறந்ததுக்கு லக்னம் எப்படிப் போடுறது? வேற ஆளா இருந்தா கையை விரிச்சிருப்பான். நான் யோசிச்சேன். ரெக்ஸ் இந்த கேமை முதல்ல எங்க விளையாடினார்? நம்ம பந்தலடியில இருந்த பிரவுசிங் சென்டர்ல. அப்ப பொறந்தது அங்க, வளர்ந்தது இங்க. மன்னார்குடிக்கே கணிச்சுட்டேன். அவங்க பன்னண்டு மணி நமக்கு விடியக்காலைன்னு ரெக்ஸ் சொன்னார். அதெல்லாம் பார்த்தா ஜோசியம் பண்ண முடியாதுன்னு நம்ம பன்னண்டையே வெச்சுக்கிட்டேன். சிம்ம லக்னம். கம்பீரமான ஜாதகம்.

நடந்ததைச் சொன்னாத்தான் நடக்கப் போறதை நம்புவாங்க. அதனால ரெக்ஸ்கிட்ட, "ஆறாம் இடம் ரோக ஸ்தானம். ஆறாம் பாகம் சீக்கோட பொறந்திருக்கணுமே"ன்னேன். அவர் முகம் மாறிடுச்சு. "ஆமா சார், வந்த அன்னைக்கே ஆளுங்க எல்லாம் செவுத்துக்குள்ள போய் மாட்டிக்கிட்டாங்க"ன்னார். அதை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டார். எங்கெங்கேயோ இருந்து ஜனங்க பார்த்தாங்க. சிங்கப்பூர்லேர்ந்து ஒரு பொண்ணு, தாத்தா சூப்பர்னு எழுதியிருந்துச்சு. நான் தாத்தா இல்ல, அது வேற விஷயம்.

அந்த வீடியோவுல குருபலனை மட்டும் பார்த்துட்டு, எட்டாம் பாகம் தை பொறந்ததுமே வரும்னு சொல்லிட்டேன். தை பொறந்துச்சு, கேம் வரலை. என்ன பேச்சு பேசினாங்க தெரியுமா? சிங்கப்பூர் பொண்ணு உள்பட. தாத்தாவை வேப்பெண்ணெய் தேய்ச்சுக் குளிக்கச் சொல்லுங்கன்னு ஒருத்தன். இத்தனை வருஷமா தொழில் பண்றேன், முகத்துக்கு நேரா ஒருத்தன் என்னைப் பேசினது கிடையாது. எனக்குச் சோறு எறங்கலை சார். என் வீட்டுக்காரி செண்பகம், "பொம்மை விளையாட்டுக்குப் போயி இப்படி உருகுறீங்களே"ன்னா. அவளுக்கு என்ன தெரியும்? பேர் கெட்டவனுக்குத்தானே அந்த வலி தெரியும்?

அந்தப் பொங்கலுக்குத்தான் எங்க பிரகதீஸ் வந்திருந்தான். ஒரே புள்ளை. சென்னையில ஒரு ஆபீஸ்ல படம் வரையுறான், கம்ப்யூட்டர்லதான். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு கேம் வேலையைப் பிரிச்சுக் கொடுப்பாங்களாம், அதுல இவன் பங்கு பாறைக்குப் பாசி வைக்கிறது, மரத்துக்குப் பட்டை வைக்கிறது. எந்த கேம்னு வீட்டுல கூடச் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. அவன் ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவேன். நானும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கு? என்கிட்ட கட்டம் இருக்கு.

காணும் பொங்கல் அன்னிக்கு, "அப்பா, முத்துப்பேட்டை அலையாத்திக்காட்டுக்குப் போலாமா"ன்னான். அப்பன் மேல பாசம் பொங்குதுன்னு நானும் கிளம்பினேன். போட்ல போனோம். நீங்க பார்த்திருக்கீங்களா? வேரெல்லாம் சேத்துலேர்ந்து மேல் நோக்கிக் குத்திக்கிட்டு நிக்கும். எல்லாரும் பறவையைப் போட்டோ எடுக்குறாங்க, இவன் சேத்தை எடுக்குறான். வேரை எடுக்குறான். கரைக்குக் கரை நிறுத்தச் சொல்லி, அந்த வேர்ல படிஞ்ச உப்பைக்கூட எடுக்குறான். போட்காரருக்கே பொறுமை போயிடுச்சு. "எதுக்குடா இதை எடுக்கிற?"ன்னேன். "சும்மாப்பா. கொஞ்சம் நகருங்க, நிழல் விழுது"ன்னான். அவ்வளவுதான் பேசினான்.

ஊருக்குப் போனப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். எல்லா அப்பனும் கேக்குறதுதான் நானும் கேப்பேன். சாப்டியா? குரல் ஏன் கம்மியிருக்கு? தூங்கலையா? "வேலைப்பா, தூக்கமே இல்ல"ம்பான். தீபாவளிக்காவது வந்துடுவியான்னு அப்பவே கேட்டு வெச்சேன். "தீபாவளிக்கு முடியாதுப்பா. கார்த்திகை பொறந்து முதல் வெள்ளி தாண்டிடட்டும், அப்புறம் தீபத்துக்கு வந்து உங்களோடயே கிடக்கிறேன்"ன்னான். சரிடா கண்ணான்னு சொல்லி வெச்சுட்டேன். அப்பன் புள்ளை பேச்சு சார் அது. அதுல என்ன ரகசியம் இருக்கு?

சித்திரையில ரெக்ஸ் திரும்ப வந்தார். "சார், மானம் போச்சு, இன்னொரு வீடியோ போட்டு மீட்கலாம்"னார். இந்தத் தடவை நான் அவசரப்படலை. குளிச்சு, விளக்கேத்தி, கட்டத்தை எதிர்ல வெச்சுக்கிட்டு உக்காந்தேன். நாலாம் இடம் நடக்கிற எடத்தைச் சொல்லும். சிம்மத்துக்கு நாலாம் இடம் விருச்சிகம், நீர் ராசி. அங்க சந்திரன் நீசமா உக்காந்திருக்கான். நீசம்னா கலங்கின தண்ணி. உப்புத் தண்ணியும் நல்ல தண்ணியும் கலக்குற எடம். கண்ணை மூடினேன். சேறு தெரிஞ்சுது. மேல் நோக்கி நிக்கிற வேர் தெரிஞ்சுது. வேர்ல உப்பு பூத்திருக்கிறதுகூடத் தெரிஞ்சுது சார். இதைத்தான் வாக்கு வர்றதுன்னு எங்க தொழில்ல சொல்லுவோம்.

எப்ப வரும்னு ரெக்ஸ் கேட்டார். எனக்கு யோசிக்கவே தேவைப்படலை. கார்த்திகை, முதல் வெள்ளிக்கிழமைன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் கட்டத்தைப் பார்த்தா, அது பொறந்ததே கார்த்திகையிலதான். பொருத்தமா இருக்கு பாருங்க. காட்டையும் தேதியையும் சேர்த்து ரெக்ஸ் வீடியோவாப் போட்டுட்டார்.

ஆடியில கம்பெனிக்காரன் ட்ரெய்லர் விட்டான். ரெக்ஸ் மாடியிலேர்ந்து செருப்புகூடப் போடாம ஓடி வந்தார். போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினார். அலையாத்திக்காடு! அதே சேறு, அதே வேர், வேர் மேல உப்பு. கடைசியில ஒரு தேதி போட்டான். பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தா கார்த்திகை முதல் வெள்ளி. ரெக்ஸ் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார் சார், சிலுவை டாலர் போட்டுக்கிட்டு. அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. எங்கப்பா கணிச்சதுலகூட இப்படி ஒரு கணிப்பு கிடையாது. என் வீடியோவுக்கு யாரோ இங்கிலீஷ்ல எழுத்துப் போட்டு உலகம் பூரா அனுப்பிட்டாங்க.

அடுத்த வாரம் பிரகதீஸ் பெட்டியோட வந்து நின்னான். பாராட்ட வந்திருக்கான்னுதான் நெனச்சேன். பலகாரம் பண்ணச் செண்பகத்துக்கிட்டக்கூட சொல்லிட்டேன்.

"அப்பா, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"ன்னான்.

அவன் பாசி வெச்சுக்கிட்டிருந்தது அந்த கேமுக்குத்தானாம். அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். அந்தக் காட்டை உருவாக்கின ஆபீஸ் உலகத்துலயே இவங்களுது ஒண்ணுதானாம். ரகசியம் எப்படி வெளிய போச்சுன்னு பனி தேசத்துலேர்ந்து கம்பெனிக்காரன் கேட்டிருக்கான். மீட்டிங் போட்டு, பெரிய திரையில என் வீடியோவை ஓட்டியிருக்காங்க. பட்டை விபூதியோட நான் பேசுறேன், கீழ இங்கிலீஷ் ஓடுது. யாருக்காவது இவரைத் தெரியுமான்னு மேனேஜரம்மா கேட்டிருக்காங்க. வாயைத் திறக்காம இருந்திருக்கலாம்ல சார்? யாருக்குத் தெரியப்போகுது? இவன் எழுந்து நின்னு, "எங்கப்பா"ன்னு சொல்லியிருக்கான்.

அத்தனை பேர் முன்னாடி அப்பனை விட்டுக்கொடுக்கலை பாருங்க. அதுக்காகக் கணக்கு தப்புன்னு ஒத்துக்க முடியுமா?

"நான் கிரகம் சொன்னதைச் சொன்னேன்டா"ன்னேன்.

"கிரகம் நம்மகூட முத்துப்பேட்டைக்கு போட்ல வந்துச்சாப்பா? கார்த்திகை முதல் வெள்ளி தாண்டி வர்றேன்னு உங்ககிட்டதானே சொன்னேன்?"

"நீ லீவைப் பத்திச் சொன்னே. நான் லீவைப் பத்திச் சேனல்ல பேசவே இல்லையே"ன்னேன். நியாயம்தானே சார்? வீடியோவைப் போட்டுப் பாருங்க, லீவுங்கிற வார்த்தையே வராது.

அவன் என் காலடியில உக்காந்துட்டான். மேனேஜரம்மா நல்லவங்க, ஒரு வழி சொல்லியிருக்காங்க. இவன் ரகசியத்தை வித்துக் காசாக்கலை, வேணும்னு சொல்லலைன்னு தெரிஞ்சா போதும், பேசிச் சமாளிச்சுக்கலாம். அப்பா போன்ல வந்து, புள்ளையோட காட்டுக்குப் போனேன், லீவு எப்பன்னு கேட்டேன், அதையும் இதையும் சேர்த்து நானாத்தான் ஊகிச்சேன்னு சொன்னா போதும். "ஊகிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. எனக்கு இந்த வேலை போனா இந்தத் தொழில்ல வேற எவனும் கிட்ட சேர்க்க மாட்டான்"ன்னான். கண்ணு கலங்கியிருந்தான். செண்பகம் அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னுக்கிட்டா.

சரிடா, பேசுறேன்னுட்டேன். புது வேட்டி கட்டிக்கிட்டு, இதே நாற்காலியில உக்காந்தேன். அவன் லேப்டாப்பை இங்க வெச்சான். அந்தப் பக்கம் மேனேஜரம்மா, பக்கத்துல ஒரு வெள்ளைக்காரர். "உங்க பையன் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"ன்னு கேட்டாங்க. "ஒரு வார்த்தை சொல்லலைம்மா. என் குலதெய்வத்து மேல சத்தியம்"னேன். பிரகதீஸ் மூச்சு விட்டான். "அப்ப உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னாங்க.

அவன் என்னைப் பார்த்தான் சார்.

ஊகிச்சேன்னு சொல்லியிருக்கலாம். சின்ன வார்த்தைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஊகிக்கிறவன்கிட்ட நீங்க பொண்ணு ஜாதகத்தைக் கொண்டாந்து வைப்பீங்களா? வைக்க மாட்டீங்கல்ல? இத்தனை வருஷமா நான் சேர்த்து வெச்ச கல்யாணம் எல்லாம் என்ன ஆகுறது? பொய் சொல்லி ஒரு வேலையைக் காப்பாத்தணுமா? நான் கட்டத்தை எடுத்து கேமராவுக்கு நேரா காட்டினேன். சிம்ம லக்னம், நாலுல சந்திரன் நீசம், உப்பும் தண்ணியும் கலக்குற எடம். எல்லாத்தையும் பொறுமையா விளக்கினேன். மேனேஜரம்மா கொஞ்ச நேரம் மொழிபெயர்த்தாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. வெள்ளைக்காரர் கடைசியில ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாங்க கேலி பண்றோமான்னு கேக்குறாராம். இல்லைய்யா, வேணும்னா உங்க ஜாதகத்தையும் கொடுங்க, சொல்றேன்னேன்.

பிரகதீஸ் லேப்டாப்பை மூடினான். சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிட்டான். வேலை போயிடுச்சு. பலகாரம் அப்படியே இருந்துச்சு.

அவன் கும்ப ராசி சார், ஜென்மச் சனி. சனி வேலையிலதான் கைவைப்பான்னு முன்னாடியே சொன்னேன், எள் விளக்கு போடுடான்னேன். போட்டானா? போடலை. ஊர் என்ன சொல்லுது? அப்பன் கெடுத்தான்னு சொல்லுது. சனியை யாராவது ஒரு வார்த்தை சொல்றாங்களா?

சொன்ன தேதியில கேம் வந்துச்சு. ரெக்ஸ் மாடிக்குக் கூப்பிட்டார். ஒரு மூலையில உக்காந்து பார்த்தேன். காடு அவ்வளவு நல்லா இருந்துச்சு. ஒவ்வொரு வேரும் எனக்குத் தெரியும், அந்தச் சேத்துல நான் நின்னிருக்கேன். ரெக்ஸ் சண்டை போடாம காட்டையே எனக்குச் சுத்திக் காட்டிக்கிட்டிருந்தார். வேலை செஞ்சவங்க பேரெல்லாம் கடைசியில ஓடும்னார். ஓடுச்சு, சினிமாவுல ஓடுறதைவிட நீளமா. சென்னைன்னு போட்டு ஒரு கூட்டம் பேர் வந்துச்சு. டீ கொண்டாந்து கொடுத்தவங்க பேர்கூட இருந்துச்சு. எங்க புள்ளை பேர் இல்ல. வேகமா ஓடுது, கண்ணுக்குத் தப்பியிருக்கும், திரும்பப் போடுங்கன்னேன். போட்டார். அப்பவும் இல்ல. எறங்கி வந்துட்டேன். அன்னிக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சார்.

அப்புறம் ஒன்பதாம் பாகம் எப்பன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. வாசல்ல பைக்கா வந்து நின்னுச்சு. நானும் குளிச்சு, விளக்கேத்தி உக்காந்தேன். அதே கட்டம், அதே கிரகம். கண்ணை மூடினா ஒண்ணும் தெரியலை. இருட்டா இருக்கு. திரும்பத் திரும்ப உக்காந்தேன், வாக்கு வரலை. சனி வக்கிரமா இருக்கான், அதான் காரணம். அதுக்காகத்தான் போர்டுல அந்த வரி. மத்தபடி தொழில்ல ஒரு குறையும் இல்ல.

அவன் இப்ப எங்கேயோ வேலைக்குச் சேர்ந்துட்டான்னு நெனைக்கிறேன். செண்பகத்துக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை போன் வரும், எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போயி கதவைச் சாத்திக்குவா. நான் செருப்பு மாட்டுற சத்தம் கேட்டாலே வெச்சுடுவா. என்னடி சொன்னான்னு கேட்டா, "எனக்கு ஒண்ணும் தெரியாது". என்ன சாப்டானாம்? "தெரியாது". உடம்பு எப்படி இருக்காம்? "உங்ககிட்ட எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்". என்ன சாப்டான்னு சொல்றதுல என்ன சார் ரகசியம் இருக்கு? நான் போன் பண்ணா எடுக்குறதில்ல. ரெக்ஸ் நம்பரும் அவனுக்குத் தெரியும், அதையும் எடுக்குறதில்ல.

இருங்க, ராகு காலம் முடியப் போகுது. ஜாதகத்தை எடுக்குறேன். பொண்ணுக்கு நல்ல எடமாவே அமையும், கவலைப்படாதீங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?

உங்க நம்பர் அவன்கிட்ட இருக்காது. உங்க போன்லேர்ந்து ஒரே ஒரு தடவை அடிங்களேன். நம்பர் நான் சொல்றேன், மனப்பாடம். செண்பகம் கோயிலுக்குப் போயிருக்கா, இப்ப வர மாட்டா. ஸ்பீக்கர்ல போட்டு இங்க மேசை மேல வைங்க. யாருங்கன்னு கேப்பான். ராங் நம்பர்னு சொல்லி வெச்சுடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், மூச்சுகூட விட மாட்டேன். யாருங்கன்னு ஒரு வார்த்தை அவன் சொன்னா எனக்குப் போதும் சார். தூங்கினானா, தூங்கலையா, வேலை எவ்வளவு தூரம் வந்திருக்கு, எப்ப முடியும், எல்லாத்தையும் அந்தக் குரலை வெச்சே சொல்லிடுவேன்.